கட்டுச்சாமியின் நடை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மாளவிகா மேடம். எங்கள் வீட்டில் வீடியோ கேம் என்றால் எல்லோருக்கும் தலைவலி. நான் பதினெட்டு வருஷமாக என்ன வேலை பார்க்கிறேன் என்று என் அக்கா பாகீரதிக்கு இன்னும் சரியாகத் தெரியாது. எங்கள் தெரு ஸ்ரீவராகத்தில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல பொம்மையை நடக்க வைக்கறான்" என்பாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

விசாரணைக் குழு என்று மெயிலில் போட்டிருந்தீர்கள். வந்து பார்த்தால் நீங்கள் ஒருவர், ஒரு லேப்டாப், ஒரு தட்டு பிஸ்கட். கேள்வியும் இரண்டுதான். நடைக்கு மாதிரியாக எடுத்த வீடியோவில் இருக்கிறவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாரா? வெளிவராத பாகத்தை வெளியாள் யாருக்காவது காட்டினேனா? இரண்டுக்கும் ஆமாம் என்பதுதான் பதில். ஆனால் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன், எனக்கு அவசரம் இல்லை.

நீங்கள் எச்.ஆர். ஆள், விளையாடியிருக்க மாட்டீர்கள். 'ஏழு நிலவறை' நம் கம்பெனி வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்துகொடுக்கிற தொடர். நிலவறை என்றதும் கோயில் புதையல் ஞாபகத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கண் விரியும், இது அது இல்லை. ஒரு பெண் தீவட்டியோடு பாதாளத்தில் இறங்குவாள். அங்கே உடம்பு முழுக்கத் துணி சுற்றிய மம்மி ஒன்று இருட்டிலிருந்து மெதுவாக வந்து அவளைப் பிடித்துக்கொள்ளும். துணியில் தீ வைத்தால் எரிந்து விழும். அடுத்த பாகத்தில் மறுபடி வரும். இங்கே ராஜினாமா செய்துவிட்டு மறுபடி வருகிறவர்களை நாம் எப்படி என்று கேட்பதில்லை இல்லையா, அதுபோல அதையும் யாரும் கேட்பதில்லை. எங்கள் டீமில் அதற்குக் கட்டுச்சாமி என்று பெயர்.

முதல் பாகத்தில் கட்டுச்சாமியை நடக்க வைத்தது நான். ஊரே சிரித்தது. காலையில் பால் வாங்கக் கிளம்பினவர் மாதிரி நடக்கிறாரே என்று இணையத்தில் ஒருவன் எழுதினான், அதற்கு நாற்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். வெளிநாட்டுக்காரர் மீட்டிங்கில் ரொம்ப மரியாதையாக, "அவருக்கு எங்கேயும் வலிக்கவில்லை போலிருக்கிறதே" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், அத்திம்பேருக்குப் பக்கவாதம் வந்தது. அத்திம்பேர் என்றால் அக்காவின் கணவர், வெங்கடசுப்ரமணியன். கோயில் காரியாலயத்தில் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவர்கள் வீட்டிலேயே மாடியில் இருக்கிறேன். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். நல்ல மனுஷர், வேகமாக நடப்பார். சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகிற ஆராட்டு வருஷத்துக்கு இரண்டு, இரண்டுக்கும் சுவாமிக்குப் பின்னால் கோட்டையிலிருந்து சங்குமுகம் கடற்கரை வரை வெறுங்காலோடு போவார். ஊர்வலம் விமான ஓடுபாதையைத் தாண்டிப் போகும் இல்லையா, அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "விமானத்தை நிறுத்திட்டுன்னா நாங்க நடக்கறோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

இடது பக்கம் போய்விட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். இடது கால் தரையை விட்டு எழும்பாமல் அரைவட்டமாகச் சுற்றி வந்து விழுந்தது. கை மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோள் முதலில் வரும், உடம்பு கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, மேடம். சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். போனில் கேமராவைத் திறந்தேன்.

சம்மதக் கடிதம் மறுநாளே வாங்கிவிட்டேன். வலது கை நன்றாகத்தான் இருந்தது, அழகாகப் போட்டுக்கொடுத்தார். சிகிச்சைக்கான ஃபார்ம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. தேதி, சாட்சி எல்லாம் சரியாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் இரண்டு மாதம் கழித்து வந்தது. உங்களுக்குப் புகார் அனுப்பியிருக்கிற அஜீஷ்தான் அப்போது வாரத்துக்கு மூன்று நாள் வந்து பிசியோதெரபி செய்தார். திறமைசாலி, அதை மறுக்க மாட்டேன். அத்திம்பேரின் முட்டி மடங்க ஆரம்பித்தது. பாதம் எழும்பியது. நானோ நேர் நடை மட்டும்தான் எடுத்திருந்தேன். திரும்புவது, படி ஏறுவது, கீழே விழுந்து எழுந்திருப்பது எல்லாம் பாக்கி. முதல் வீடியோவையும் புதிய வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு ஆட்கள். ஒரே பாத்திரம் ஒரு காட்சியில் நொண்டி, அடுத்த காட்சியில் மிடுக்கு என்றால் எந்த ஆட்டக்காரன் மன்னிப்பான்? பக்கவாதத்தில் முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஷெட்யூல் பதினொரு மாதம்.

அஜீஷிடம், ஆயுர்வேதத்துக்கு மாறுகிறோம் என்றேன். அக்காவிடம், அஜீஷ் கல்ஃபுக்குப் போய்விட்டார் என்றேன். இந்த ஊரில் இந்த இரண்டு வாக்கியத்துக்கு மட்டும் யாரும் மேல்கொண்டு கேள்வி கேட்பதில்லை. அஜீஷ், "நன்னாயி சாரே, எண்ணெய் நல்லதாக்கும்" என்று கைகூப்பிவிட்டுப் போனார். அக்கா, "எத்தனை சம்பளமாம்?" என்று மட்டும் கேட்டாள்.

அக்காவுக்குக் கொல்லத்தில் பேங்க் வேலை, காலை ரயிலில் போனால் ராத்திரிதான் வருவாள். ஆகவே பயிற்சியை நான் ஏற்றுக்கொண்டேன். சாலை பஜாரில் ஒரு மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் மொத்தமாக வாங்கிவந்தேன். தினமும் காலையில் தொடையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிவிடுவேன். முட்டி மடங்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கால் ஆடாமல் இருக்க என்று அக்காவிடம் சொன்னேன். எதிர் வீட்டு வாலாம்பாள் மாமி அதைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மச்சினன் கிடைக்க வெங்கிட்டு குடுத்துவெச்சிருக்கணும்" என்று கண் கலங்கினாள். எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை.

இரண்டாவது பாகம் வெளிவந்ததும் சிரித்தவனெல்லாம் வாயை மூடிக்கொண்டான். இந்தத் தொடரிலேயே உயிருள்ள பாத்திரம் அந்தச் செத்த பாத்திரம்தான் என்று ஒரு பத்திரிகை எழுதியது. மூன்றாவது பாகத்திலும் கட்டுச்சாமி வேண்டும், அதே நடை வேண்டும், ஒரு இம்மி மாறக்கூடாது என்று வெளிநாட்டுக்காரர் எழுத்திலேயே கேட்டார். பெங்களூரில் ஒரு கேம் மாநாட்டுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'வலியை மதிப்பது எப்படி' என்று தலைப்பு வைத்திருந்தேன். நீங்கள்கூட வாழ்த்து மெயில் போட்டீர்கள், மேடம். ஞாபகம் இருக்கலாம்.

இடையில் ஒரே ஒரு தடவை கை நழுவிப் போக இருந்தது. ஒரு பங்குனியில், ஆராட்டுக்கு இருபது நாள் இருக்கும்போது, மத்தியானம் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். அத்திம்பேர் கட்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். வேஷ்டி வியர்வையில் நனைந்திருந்தது. எட்டு அடி எண்ணினேன். முட்டி கொஞ்சம் மடங்கியது. என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரி சிரித்தார். அவருக்கு வார்த்தை குழறும், ஆனாலும் புரிந்தது.

"பார்த்தியாடா? ஓடுபாதை வரைக்கும் போறும். மிச்சத்தைப் பகவான் பார்த்துப்பார்."

நான் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு, டாக்டர் போன் பண்ணியிருந்தார் அத்திம்பேர், ஸ்கேனில் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம், அலட்டிக்கொண்டால் வெடித்துவிடுமாம், அப்புறம் அக்காவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். குரலை உயர்த்தவே இல்லை. அவர் நாற்காலியிலிருந்த பேண்டேஜை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, காலை இரண்டு கையாலும் தூக்க முயன்றார். இடது கை ஒத்துழைக்கவில்லை. நான் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம். பயந்துடுவா" என்றார். "இறுக்கியே கட்டுடா."

அதனால்தான் சொல்கிறேன், கட்டாயப்படுத்தினேன் என்று புகாரில் எழுதியிருப்பது சரியில்லை. அந்த வருஷம் ஊர்வலத்துக்கு அவர் பெயரில் வந்த பாஸைக் காரியாலயத்தில் நானே திருப்பிக் கொடுத்தேன். வீணாகக்கூடாது இல்லையா.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நான்காவது பாகம் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னால், கட்டுச்சாமி மண்டபத்தில் நடந்து வருகிற காட்சியை வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். அத்திம்பேரும் பார்த்தார். கடைசியில் பெண் தீ வைத்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாருடா அது பாவம்? விட்டுடச் சொல்லேன்" என்றார். வெளிவராத பாகத்தை வெளியாளுக்குக் காட்டினது ஒப்பந்தத்தை மீறியதுதான். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள்.

அஜீஷ் விஷயம் தற்செயல். சாலையில் ஒரு மொபைல் கடைத் திரையில் நம் விளம்பரம் ஓடியிருக்கிறது. சார்ஜர் வாங்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டாராம். முகம் மறந்துபோகும், தான் பிடித்து நடக்க வைத்த நடை மறக்காது என்றார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா கதவைத் திறந்து, "அட, கல்ஃபிலேர்ந்து எப்ப வந்தேள்?" என்று கேட்டாள்.

"ஆரு போயி கல்ஃபுக்கு? ஞான் இங்கதானே இருக்கேன், சேச்சி. ஆயுர்வேதத்துக்கு மாறியதா சார் பறஞ்சாரே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அஜீஷ் செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்து கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். ஆறு வருஷம் வெயில் படாத கால், வெளுத்துச் சூம்பியிருந்தது. முட்டியை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. குதிகாலை அழுத்திப் பார்த்தார், அது கீழே இறங்கவில்லை.

"இதை ஆரு கெட்டினது?" என்றார். "சேச்சி, மூணாம் மாசம் இவர் வடியில்லாம, ஒரு குச்சிகூட இல்லாம நடக்க வேண்டிய ஆளாக்கும். இனி முட்டு மடங்காது. உறைஞ்சுபோச்சு."

"தலைக்குள்ள ரத்தக்குழாய்..." என்று அத்திம்பேர் குழறினார். அக்காவுக்கு அது புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். டாக்டர், ஸ்கேன், பலூன், அலட்டிக்கக் கூடாது. ஒவ்வொரு வார்த்தையாக, வேர்த்து விறுவிறுத்துச் சொன்னார்.

"எந்த டாக்டர்? எந்த ஸ்கேன்? கைலாஷ், எப்படா எடுத்தா?" என்று அக்கா கேட்டாள்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். டாக்டர் போன் பண்ணவில்லை. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் ஸ்கேனே எடுக்கவில்லை. ரத்தக்குழாயில் ஒன்றும் இல்லை, நான் சொன்னதுதான். நடந்திருந்தால் நடந்திருப்பார். இதை நான் எங்கேயும் மறைக்கவில்லை, அதுவரை யாரும் கேட்கவில்லை. அஜீஷ் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்திம்பேர் அழவில்லை, திட்டவில்லை. அவிழ்த்துப் போட்ட காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, மேடம். எப்படிச் சொல்வது? அது அழுகை இல்லை, கத்தலும் இல்லை. அடிவயிற்றில் ஆரம்பித்து, பாதி வழியில் மூச்சில்லாமல் நின்று, மறுபடி எழும்பி வந்தது. ஆறு வருஷமாக நான் அவரை வீடியோவில் பிடித்து வைத்திருந்ததில் அப்படி ஒன்று ஒரு தடவைகூட வந்ததில்லை. என் போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. சட்டையை விடுவித்துக்கொண்டு ஓடி எடுத்துவருவதற்குள் முடிந்துவிட்டது.

அத்திம்பேர், இன்னொரு தடவை என்று கேட்க வாய் வரை வந்தது. அக்கா அவர் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் கேட்பது நாகரிகம் இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். புகாரில் என்னைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். கேட்காமல் விட்டேன் இல்லையா, மேடம், அதையும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.