பாலத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

இணையத்தில் வரைபடம் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. மென்பொருள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது. பொறுமை இருந்தால் போதும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற நானே போட்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சாலைத் துறை அலுவலகத்துக்காக, மழையில் பழுதான சாலைகளைக் காட்டும் வரைபடம் அது. பழுதான இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி. அதிகாரி பார்த்துவிட்டு, "என்னப்பா, ஊருக்கே அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றார். அதனால் சின்னக் குழிகளை மட்டும் தனி அடுக்கில் போட்டு, படத்தை நன்றாகப் பெரிதாக்கினால்தான் தெரியும்படி வைத்தேன். பெரிய ஆபத்துகள் எப்போதும் தெரியும். அழகாக இருந்தது. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். வேறு யாரும் தட்ட வரவில்லை.

என் அக்காவின் கணவர் வேன் ஓட்டுபவர். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "நம்ம மாப்ளயோட ஓசி மேப்பப் பார்த்தீங்களா? அவனுக்கே வீட்டுக்கு வழி தெரியாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நல்ல நகைச்சுவைதான். அக்காவும் சிரிப்பாள். அது மட்டும் எனக்கு வலித்தது.

அன்று விடிந்ததும் ஆற்றுப்பாலம் உடைந்த தகவல் எனக்கு வந்தது. தடுப்பு வைக்க ஆட்கள் போய்ச்சேர நேரமாகும் என்றார்கள். புள்ளியை வைத்துவிட்டேன், குழிகளின் அடுக்கில். கொஞ்ச நேரத்தில் அவரே ஃபோன் செய்தார்.

"மாப்ளே, ஆத்துப் பக்கம் ரோடு திறந்திருக்கா?"

"மேப்ல பாருங்க அத்தான், எல்லாம் போட்டிருக்கேன்."

"ஒரு புள்ளியும் இல்லையே. பரவால்லடா, உன் ஓசி மேப்பும் உதவுது."

முதல் முறையாகப் பாராட்டினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அவர் வேன் ஆற்றில் விழுந்ததற்குக் காரணம் என் கைத்தவறு என்று அதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர். வழக்கமாக அக்காவும் அந்த வேனில்தான் வேலைக்குப் போவாள். எனக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று பொய் சொல்லி அவளை என் வீட்டுக்கு வரவழைத்த பிறகுதான் அந்தக் கைத்தவறைச் செய்தேன். அவர் வேனுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்த இருவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. முன்யோசனை எனக்கு எப்போதுமே கொஞ்சம் மட்டுதான்.

ஆனால் ஒன்று, ஐயா. நான் எதையும் மறைக்கவில்லை. வேண்டுமானால் இப்போதே திறந்து, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.