தண்ணிக்கு அழாத பிள்ளை

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆண்டாளைச் சேவிக்க ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறினேன். முன் சீட்டில், தலையில் பஞ்சுத் தூசியோடு பேண்டேஜ் கம்பெனி வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“எம்பிள்ள தண்ணிக்கு அழலக்கா. கயித்துக்குத்தான் அழுதான்.”

“என்னட்டி சொல்லுத?”

“எங்கண்ணன் நீச்சல் பழக்குதேன்னு தேங்கா நார்க் கயித்த வெறும் இடுப்புல கட்டிக் கெணத்துல இறக்குதாரு. சட்டைக் காலர் உரசுனாலே துடிக்கிற பிள்ளைக்கா அவன். கத்துனதுக்குப் பயந்தாங்கொள்ளின்னு அடிச்சிருக்காரு.”

“ஆம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுச் சொகுசு ஆகாதுட்டி.”

“நீங்களுமாக்கா? அதே ஈரக் கயித்த அண்ணன் இடுப்புல கட்டி, செத்த நேரம் அவுக்காம நில்லுங்கன்னேன்.”

“நின்னாரா?”

“சொறிய ஆரம்பிச்சுட்டாரு. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு மட்டும் சாமி தோல் வைக்கலையான்னு கேட்டேன்.”

“பொறவு?”

“நம்ம கம்பெனியில கழிச்சுப் போட்ட பேண்டேஜ் துணிய இடுப்புல நாலு சுத்து சுத்தி, அதுமேல கயித்தக் கட்டுனேன். தானா மூணு படி இறங்கிட்டான். நாலாவது படிக்கு அவன் சொல்லுறப்ப போனாப் போதும். அதுக்கு முன்னால எவராவது அவனத் தள்ளட்டும், அப்ப இருக்கு.”