ஹம்சா இறங்கிய இடம்

ஹம்சாவுக்குப் புட்டு என்றால் விருப்பம். வாழைப்பழம் பிசைந்து கொடுத்தால் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். அவளை நான் பட்டினி போட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடம். கை நீட்டி அடித்ததும் இல்லை.

ஏழு வருடம் படிவங்கள் நிரப்பி, மட்டக்களப்பில் ஒரு பிள்ளைகள் இல்லத்திலிருந்து அவளைத் தத்தெடுத்தோம். இந்த நாட்டுக்கு, எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு வந்தபோது நாலு வயது. என் கணவர் அருந்தவனை இரண்டாம் நாளே அப்பா என்றாள். என்னை அன்ரி என்றாள். இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் பெயர் பவளம். அந்தப் பெண்தான் அவளுக்குப் பவளம்மா.

சனிக்கிழமைகளில் பவளம் வீடியோவில் வருவாள். மூக்குத்தி, எடுப்பான பல். ஹம்சா போனுக்கு முத்தம் கொடுப்பாள். எச்சில் பட்ட கண்ணாடியை நான்தான் துடைப்பேன். மூன்றாம் மாதம் அவளுடைய இலக்கத்திலிருந்து அழைப்பு வராமல் செய்துவிட்டேன்.

பிறகு ஒரு ஒழுங்கு வைத்தேன். அந்தப் பெயரைச் சொன்னால், உடுப்புத் தோய்க்கும் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். முதலில் பத்து நிமிடம். போகப்போக ஒரு மணித்தியாலம்.

"யோகா, சின்னப்பிள்ளை. மறக்கக் காலம் எடுக்கும், விடும்" என்றார் அருந்தவன். அவருக்கென்ன, அவர் அப்பா.

போன ஞாயிறு அவருக்கு வேலை. நானும் பிள்ளையும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். அங்கே மூக்குத்தி போட்ட ஒருத்தியைக் கண்டதும் ஹம்சா என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது உங்கட பிள்ளையோ?" என்று அவள் சிரித்தபடி கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

திரும்பும் வழியில், காட்டுப் பாதையில் காரை நிறுத்தினேன்.

"இறங்கு. உன்ர பவளம்மா இதில வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவா."

"மெய்யாவோ?"

"ஓம்."

அழுவாள், என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு இறங்கினாள். "போட்டு வாறன், அன்ரி" என்று கை காட்டினாள்.

வளைவு தாண்டிக் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தேன். அம்மா என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும், ஓடிப்போய்த் தூக்குவது என்றுதான் எண்ணம். நாற்பது நிமிடம் சத்தமே இல்லை. காத்துக்கொண்டு நின்றிருப்பாள். பிறகு கூப்பிடத் தொடங்கினாள். பவளம்மா. திரும்பத் திரும்ப அதேதான். குரல் பாதைக்குக் கீழே இருந்த ஓடைப் பக்கம் நகர்ந்தது. கல் சரிந்தது. வீரிட்டாள்.

நான் கார்க் கதவைத் திறந்தேன். அப்போதும் அந்தப் பெயர்தான் கேட்டது. கதவைச் சாத்திவிட்டேன்.

குரல் நின்ற பிறகும் ஒரு மணித்தியாலம் இருந்தேன். அதன் பிறகுதான் உங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போன் எடுத்து, பிள்ளை தானாக இறங்கி ஓடிவிட்டாள் என்றேன். அது பொய். இறக்கிவிட்டது நான். அவள் விழுந்ததும் எனக்குத் தெரியும்.

கால்தான் முறிந்தது, உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். நல்லது. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்?

ஒரு காரியம் மட்டும் செய்து தாருங்கள். ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு சுருட்டைமுடித் தாதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அந்தத் தாதியை மாற்றச் சொல்லுங்கள். அவளோடு பழகிவிட்டால், பிள்ளை பிறகு தாயைத் தேடாது.