விறகுக்காரன் சீட்டு

எழுந்தான். போர்வையை மடித்தான். பல் துலக்கிவிட்டு, குவளையில் இருந்த மகளின் குட்டிப் பல்தூரிகை காய்ந்து விறைத்திருப்பதைப் பார்த்து அதையும் ஒருமுறை நனைத்து வைத்தான். குளித்தான். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டான். மேலே கம்பெனிக் கோட்டு வந்துவிடும், முதுகை யார் பார்க்கப்போகிறார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஒரு துணிக்கடையில் கதவு பாதியில் நிற்கிறதாம், ஒன்பது மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். ரொட்டியை நின்றபடியே தின்றான். அப்புறம் அலமாரியைத் திறந்து, மனைவியின் டாரட் சீட்டுக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தான். போன் அடித்தது.

“ஹலோ... ம், எழுந்துட்டேன்க்கா... குளிச்சாச்சு... சாப்பிட்டேன்... ரொட்டி... ரொட்டியும் சாப்பாடுதானேக்கா... சரி சரி, நாளைக்கு அடுப்பு பத்த வெக்கறேன்... வாண்டு எழுந்தாச்சா?... தூங்கட்டும் தூங்கட்டும், எழுப்பாதீங்க.”

மனைவியின் அக்காதான். போனிலேயே டாரட் சீட்டில் குறி பார்த்துச் சொல்வது அவளுக்குத் தொழில். கல்யாணம், வேலை, கோர்ட்டு வழக்கு என்று எவரெவரோ அவளைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவரே தன் கட்டைக் கலைத்து, தானே எடுத்து, வந்தது இன்னதென்று சொல்ல வேண்டும். அடுத்தவர் சீட்டை அவள் தொடவும் மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். சொன்னதை நம்பிப் பலன் சொல்வாள். அந்தக் குடும்பத்திலும் அதே வழக்கம்தான். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் யார் துணைக்கு இருப்பது, ஒழுகும் கூரையை யார் நின்று சரிசெய்வது, எல்லாமே சீட்டு. சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பாள் மனைவி. அவள் இறந்துபோனதிலிருந்து மூன்று வயது மகள், வாண்டு, அக்கா வீட்டில் இருக்கிறாள். அது இப்போதைக்கு என்று சொல்லி அனுப்பியது. இனிமேல் எங்கே என்பதற்குத்தான் இந்தப் போன்.

“ஆமா, அவளோட கட்டுதான்... எதிர்லயே இருக்கு... துணி விரிச்சிருக்கேன்... என்ன துணியா? கை துடைக்கிற துணி... அக்கா, கோவிச்சுக்காதீங்க, மாத்திடறேன்... ம், இப்போ வெள்ளைத் துணி... கலைச்சுக்கிட்டுதான் இருக்கேன், சத்தம் கேக்கலையா?... நம்பிக்கை இருக்கா இல்லையான்னு இப்போ எதுக்குக்கா? நம்பாமயே இத்தனை வருஷம் எடுத்தவன்தானே நான்... ஆமா, உங்களுக்கு நீதிபதின்னு பேர் வெச்சது நான்தான்... அவ போட்டுக் குடுத்துட்டாளா அதையும்...”

சிரிப்பதற்கான இடம் என்று தெரிந்தது. சிரிக்காமல் கலைத்தான்.

“கேள்வியைச் சத்தமா சொல்லணுமா?... ‘வாண்டு யார் பொறுப்பு’... சரிக்கா. மரியாதையாவே கேக்கறேன். ‘எங்க பொண்ணு யார்கிட்ட வளரணும்?’... போதுமா... இடது கையாலதான் வெட்டறேன்... மூணா பிரிச்சு... நடுவுல இருக்கிறதை மேல... ஒரே சீட்டு. சரி. எடுக்கறேன்.”

சீட்டுகளுக்கு மனைவி செல்லப்பெயர்கள் வைத்திருந்தாள். பத்துக் கோல்களை அணைத்துத் தூக்கிக்கொண்டு, முகம் தெரியாமல் குனிந்து நடக்கிறவன் விறகுக்காரன். அவன் வந்தால், எடுத்தவர் தலையில் வேலை விழுந்தது என்று அர்த்தம். மறுபேச்சு கிடையாது. விளைந்த வயலுக்கு நடுவே மெத்தையில் சாய்ந்திருப்பவள் மகாராணி. பிள்ளை விஷயத்தில் அவள் வந்தால் பெண்பிள்ளை கைதான் வேண்டும், அக்கா வீடுதான்.

திருப்பினான். விறகுக்காரன்.

கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சீட்டைக் குப்புறக் கவிழ்த்தான்.

“வந்திருச்சுக்கா... மகாராணி... அக்கா?... ஹலோ, கேக்குதா? மகாராணின்னேன்... ஆமா, மெத்தை, கிரீடம் எல்லாம் இருக்கு... நேராதான் வந்தது, தலைகீழா இல்ல... பாத்துட்டுதானே சொல்றேன்... எந்த மூலையில?... கீழ, வலது பக்கம்... ஆமா, இருக்கு, லேசா ஒரு கறை... டீக்கறை மாதிரிதான்... அதான் சொல்றேனே, இருக்குன்னு... சரிதானே? அப்போ முடிவாயிடுச்சு இல்ல? நீங்களே வெச்சு... என்னது?”

அவன் முதுகு நிமிர்ந்தது.

“யாரு கையில?... அவ கையிலயா?... நீங்க எப்போ வெச்சீங்க?... பெட்டியை மூடறதுக்கு முன்னாடி... அந்தச் சீட்டையா... நான் எங்கே இருந்தேன் அப்போ?... ஆமா. வண்டிக்காரன் வழி கேட்டான்னு வாசலுக்குப் போனேன்... எனக்குத் தெரியாதுக்கா. அப்புறம் நான் கட்டைப் பிரிக்கவே இல்ல... இல்ல, எண்ணியும் பாக்கலை.”

இந்தக் கட்டில் மகாராணி இல்லை. எழுபதுக்கும் மேலே சீட்டு இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு, இல்லாத ஒன்றைப் போய்ப் பொறுக்கியிருக்கிறான். அக்கா கறையைக் கேட்டது அதற்குத்தான். கேட்டவுடன் அவனும் வாயாலேயே டீயை ஊற்றிவிட்டான்.

“ம்... ம்... திட்டுங்கக்கா... இல்ல, சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... ஆமா, பொய்தான்... உண்மையில வந்ததா?... சொல்றேன்... விறகுக்காரன்... சத்தியமா. முதல்ல வந்ததே அதுதான்... கவுத்து வெச்சிருக்கேன்... சரி, நிமித்திட்டேன்... பாக்கறேன்க்கா, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

எதிர்முனை பொரிந்து தள்ளியது. போனைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தான். மறுபடி ஒட்டவைத்தான்.

“இல்ல இல்ல இல்ல, அப்படிச் சொல்லாதீங்க. பிடிக்காம இல்லக்கா. என் பொண்ணு அவ... வேலையும் காரணமில்ல. ஷிஃப்ட் மாத்திக் கேட்டா குடுப்பாங்க... இன்னொரு கல்யாணமா? அக்கா! வாயைக் கழுவுங்க... சரி, நீங்க கேக்கலை, ஊர் கேக்குது, புரியுது... எப்படிச் சொல்றது... போன வாரம் வாண்டு இங்க வந்து தங்கினாளே, மத்தியானம் தூங்கி எழுந்து அழுதா. நல்லாக் கேக்குது எனக்கு. பசிச்சு அழறான்னுகூடத் தெரியுது. நான் நாற்காலியில உக்காந்தே இருக்கேன்... எதுக்கா? எழுந்து போவான்னு... யாரு போவாளா? உங்க தங்கச்சிதான்... தெரியும்க்கா. இல்லைன்னு தெரியாமயா. தெரிஞ்சேதான் உக்காந்திருக்கேன்... பக்கத்து வீட்டம்மா வந்து கதவைத் தட்டினாங்க. அதுக்கப்புறம்தான் எழுந்தேன்... இல்ல, தூங்கலை. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன், கேட்டுக்கிட்டே.”

“...இந்தக் குரல்தான்க்கா எனக்கு வருது... லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட பேசற குரலா?... இருக்கும். அது ஒண்ணுதான் பழக்கம். பதறாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, வந்துக்கிட்டே இருக்கேன்... ஆமா, அங்கேயாவது போய்ச் சேர்ந்துடறேன்.”

பேசி நிறுத்தினான். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கோபம் தணிந்ததுபோல் இல்லை, வேறு ஏதோ.

“அக்கா?... அழறீங்களா?... பின்ன என்ன பண்றீங்க, மூச்சு இவ்வளவு பெருசா வருது?... ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் சொல்லிட்டேன்ல... நீங்க என்ன சீட்டு வரணும்னு நெனச்சீங்க?... சும்மா சொல்லுங்க... ஓ.”

மேசைமேல் கிடந்தவனைப் பார்த்தான்.

“இவனேதானா... எப்போலேர்ந்து இப்படி நெனக்கிறீங்க?... சகலை ஏதாச்சும் சொன்னாரா?... தெரியும், அவர் தங்கம்... இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டே டீ குடிக்கறாரா... பின்ன என்னதான்க்கா பிரச்சினை?... ம்... துணி மடிச்சுக்கிட்டு இருந்தீங்க... பின்னால வந்து... அம்மான்னா?... வாய் தவறியிருக்கும். பெரியம்மாவுல பாதிதானே அது... இல்லையா... அதையே திரும்பத் திரும்பவா... நீங்க திரும்பிப் பாக்கலையா?... மடிச்சுக்கிட்டே இருந்தீங்களா... மடிச்ச துணியையே பிரிச்சு மறுபடி மடிச்சீங்களா... அப்புறம்?... அதுவா ஓய்ஞ்சு, சகலைகிட்ட போயிடுச்சு... நேத்தும்... இன்னைக்குமா, காலையிலேயே?... அப்போ தூங்கறான்னு சொன்னது?... சரி விடுங்க. நானும் கறை இருக்குன்னேனே.”

“...இல்லக்கா, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை. எடுத்துக்க எனக்கென்ன யோக்கியதை... அந்த வார்த்தைக்கு ஏன்னு கேட்டுட்டா, அவ இடத்துல உக்காந்த மாதிரி ஆயிடும். அதானே?... புரியுது. நான் அவ தலையணையைக்கூடத் தள்ளி வெக்கலை... ஹலோ?... யாரு?... ஓ. வாண்டா.”

குரலைச் சரிசெய்துகொண்டான். சரிசெய்தும் அதே குரல்தான் வந்தது.

“ஹலோ வாண்டு... அப்பாதான்... என்ன பண்றே?... அப்படியா... எந்தக் கவுனு?... பை வெச்ச கவுனா. பையில என்ன?... கூழாங்கல்லா. எத்தனை?... நிறையவா. சரி... அப்பா வேலைக்குப் போகணும்... லிஃப்டுக்குள்ள ஆள் இருக்காங்களான்னா? இல்ல, யாரும் இல்ல, கதவுதான் கெட்டுப்போச்சு... ம்... இல்லடா... இல்ல, அம்மா இங்கேயும் இல்ல... அங்கேயும் இல்லையா. ம்... தெரியலடா... சரி, பெரியம்மாகிட்ட குடு... குடு கண்ணு... போன்ல தலையாட்டினா எனக்குத் தெரியாதுடா, குடு.”

போன் கைமாறும் சத்தம் கேட்டது. எதன்மேலோ இடித்தது. தூரத்தில் கூழாங்கற்கள் தரையில் கொட்டின.

“அக்கா... ம். கேட்டா. என்கிட்டயும் அதையேதான் கேட்டா... மறுபடி கலைக்கிறதா? வேண்டாம்க்கா. நீங்க ஒண்ணு நெனச்சுக்கிட்டு, நான் ஒண்ணு நெனச்சுக்கிட்டு, அந்தப் பொம்மைங்க பாவம் என்ன பண்ணும்... அத்தைகிட்டயா? அவங்களாலயே எழுந்து நடக்க முடியலை... ஹாஸ்டலா, மூணு வயசுலயா? சும்மா இருங்க... என்னக்கா?... அவ என்ன சொன்னான்னா?... கடைசியாவா?... இப்போ எதுக்கு அது... ம்... ம்... சீட்டையெல்லாம் விட்டுட்டு... அவ என்ன சொன்னாளோ அதுபடி... உங்ககிட்ட விடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சுப்பீங்க, அந்த வார்த்தைக்கும் திரும்பிப் பாப்பீங்க... எப்படியாச்சும்... சரி... அவ ஒண்ணுமே சொல்லலைன்னா?... வந்த சீட்டு வந்ததுதானா... இன்னைக்கு சாயங்காலமேவா?... துணிமணியெல்லாம் கட்டியாச்சா. நேத்தேவா.”

பொய் நாக்கிலேயே இருந்தது. அக்கா பார்த்துக்கொள்வாள் என்றாள், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை கறையைக் கேட்டுப் பிடிக்க ஒன்றுமில்லை. அவள் கடைசியாகப் பேசியபோது அருகில் வீட்டார் வேறு யாரும் இல்லை. அக்காவும் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறாள். கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள், கிடைக்காவிட்டால் வாண்டுவோடு வண்டி ஏறிவிடுவாள்.

போனை மறு காதுக்கு மாற்றினான்.

“இருக்கேன்க்கா... இருக்கேன், லைன் போகலை... சொல்றேன். ஆஸ்பத்திரி வாசல்ல... ஆமா, உள்ள போறதுக்கு முன்னாடி. உள்ள போனப்புறம் அவ பேசலை... சக்கர நாற்காலியில உக்கார வெச்சாங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்... இல்ல, வலிக்குதுன்னு சொல்லலை... அழவும் இல்ல. எங்கேயோ பாத்தா... வாண்டா? இல்லக்கா. வாண்டு பேரே வரலை... உங்க பேரும் இல்ல... என் பேரும்தான் இல்ல... மறைக்கலைக்கா, நிஜமா. இருந்தா சொல்ல மாட்டேனா... ஏன் இத்தனை நாள் சொல்லலையா? சொல்ற மாதிரி அதுல என்ன இருக்கு... சரி. வார்த்தை மாறாம சொல்றேன், கேட்டுக்கோங்க. நாங்க வந்த கார் வாசலை மறிச்சு நின்னுது, கதவு திறந்தபடி. அதைத்தான் பாத்தா. பாத்துட்டு என் கையை விட்டா... ம். அவளேதான் விட்டா... சொன்னா, ‘நீ காரை ஓரமா விட்டுட்டு வா, பின்னாடி ஹார்ன் அடிக்கிறாங்க பாரு.’”