‘வரேன்’னா வறுத்துடும்

லார்ட்டி: மெஷின் எங்கேன்னுதான் கேட்டேன், அக்கா. கோழி கேக்கல.

செர்வா: இருக்கட்டும் சார். அக்ராவுல இருந்து குமாசி வரைக்கும் வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல ஒரு காலைக் கடிங்க. அப்புறம் மெஷின்.

லார்ட்டி: தலைமை ஆபீஸ்ல இருந்து வர்றவன் கிளையில கை நனைக்கக் கூடாது. அது சட்டம்.

செர்வா: உங்க ஆபீஸ்ல சட்டத்துக்கா பஞ்சம்! எண்ணெய் இங்க வாங்கு, மசாலா அங்க வாங்கு. ‘தங்கக் கொண்டை கோழிக்கடை’ன்னு உங்க பேரைப் போட்டுக்க வருஷா வருஷம் கப்பம் கட்டு...

லார்ட்டி: போன்ல ஆர்டர் எடுக்கறது நாங்க குடுத்த ஏ.ஐ. மெஷின் மட்டும்தான். அதையும் சேத்துக்குங்க. மீறினா பெயர்ப்பலகையைக் கழட்டிருவாங்க.

செர்வா: அதான் மெஷினே எடுக்குதே...

லார்ட்டி: அதைத்தான் பாத்துட்டு வான்னு மேல இருந்து அனுப்பினாங்க. மெஷின் வெச்ச நாள்ல இருந்து எல்லாக் கிளையிலயும் வறுத்த கோழி மிஞ்சிக் கெடக்கு. உங்க ஒரு கடையில மட்டும் ஒண்ணும் மிஞ்சல. என்ன மாயம்?

செர்வா: எங்க ஊர் மெஷின் சமத்து.

லார்ட்டி: முதல் மாசம் இதே சமத்துதானே மலை மலையா வறுக்க வெச்சுது?

செர்வா: ஐயோ, அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க! ஒரு ஆளு போன் போட்டு விலை கேப்பான். மெஷின் சொல்லும். அவன் மனசுக்குள்ள “அடியாத்தி, இம்புட்டா!”ன்னுட்டு, வெளிய மரியாதையா “சரி, வரேன்”ம்பான்...

லார்ட்டி: போனை வெச்சிருவான்.

செர்வா: வெச்சிருவான்! நம்ம கானாவுல வரேன்னா என்ன அர்த்தம்?

லார்ட்டி: போறேன்னு அர்த்தம்.

செர்வா: பச்சைப் புள்ளைக்கும் தெரியும்! அந்த மெஷினுக்கு வரேன்னா வரேன்தான். உடனே சமையல்கட்டுல மணி அடிச்சிரும். “ஆள் வர்றாரு, ஆறு துண்டு வறுங்க!” எவன் வர்றான்? அத்தனையும் தெருநாய்க்குப் போச்சு சார். இப்ப வெறும் எலும்பைப் போட்டா அதுங்க என்னை மொறைக்குதுங்க.

லார்ட்டி: சிரிக்க வெக்காதீங்க, அக்கா... நான் வேலையா வந்திருக்கேன். அதை எப்படிச் சரி பண்ணீங்க? கிளைக்காரங்க மெஷினைத் திறக்கவே முடியாதே.

செர்வா: திறக்கல. அன்பா... எடுத்துச் சொன்னேன்.

லார்ட்டி: மெஷின்கிட்ட?

செர்வா: அதுக்கும் காது இருக்குல்ல?

லார்ட்டி: சரி. இங்க நின்னுக்கிட்டே போன் போடறேன். பேசட்டும்.

செர்வா: இப்பவா! இன்னைக்கு வேணாம் சார். சனிக்கிழமை... அது துக்க வீட்டுக்குப்...

லார்ட்டி: எது?

செர்வா: இந்தாங்க சார், இந்தக் காலைக் கடிங்க!

லார்ட்டி: எது அக்கா, துக்க வீட்டுக்குப் போயிருக்கு?

செர்வா: ஊரு! சனிக்கிழமைன்னா சாவுக் காரியம்தானே, ஊரே கறுப்பும் சிவப்பும் கட்டிக்கிட்டுப் போயிருக்கும்ல? லைன் கெடைக்காதுன்னு சொல்ல வந்தேன்.

லார்ட்டி: அடிக்குதே.

செர்வா: அடிக்குதா... ஐயோ, உள்ள எண்ணெய் காயுது! பாத்துட்டு வரேன்!

லார்ட்டி: இது எந்த வரேன்? அக்கா!... ஹலோ?

போன்: வணக்கம். தங்கக் கொண்டை. குமாசி கிளை. மெஷின். பேசுது.

லார்ட்டி: ஆறு துண்டு விலை எத்தனை சீடி?

போன்: தொண்ணூறு. சீடி. க்கும்... க்ஹும்!

லார்ட்டி: மெஷினுக்கு இருமல் வருமா?

போன்: ஹார்மட்டான். காத்து. உள்ள. தூசி. போயிருச்சு.

லார்ட்டி: விலை கொஞ்சம் கொறைச்சுக்கக் கூடாதா?

போன்: கொறைக்கறதா! எண்ணெய் விக்கற விலையில உனக்கு... அது... விலை. குறைக்க. இயலாது.

லார்ட்டி: சரி, வரேன்.

போன்: வர்றவன் பேசற பேச்சாய்யா இது? போனை வை!

லார்ட்டி: செர்வா அக்கா... வெளிய வாங்க.

செர்வா: ...வந்துட்டேன்.

லார்ட்டி: மெஷின் எங்க?

செர்வா: அரிசி மூட்டைக்குப் பின்னால. நல்லாத்தான் வெச்சிருக்கேன், ஒரு கீறல் இல்ல.

லார்ட்டி: அப்ப தினமும் பேசறது?

செர்வா: என் நாத்தனார் துஃபி. என்னை மாதிரி இருமாம அச்சு அசலா பேசுவா. இன்னைக்கு அவ சித்தப்பாவுக்குக் காரியம்... பாழாப்போன சனிக்கிழமை!

லார்ட்டி: மெஷின் மாதிரியே பேசி, ஊரையும் எங்களையும் ஏமாத்தி...

செர்வா: வேற வழி என்ன தம்பி? இது வர்ற வரேனா, போற வரேனான்னு குரலை வெச்சே சொல்லிடுவா அவ. மெஷினே வேணாம்னு நான் சொல்லல. நாலு பேர் சேந்தாப்ல கூப்பிட்டா துஃபிக்கு மூச்சு வாங்குது, அதுக்கு அது வேணும்தான். எவனாவது வரேன்னா மட்டும் வறுக்காம அவ கையில குடுக்கச் சொல்லுங்கன்னு உங்க ஆபீஸுக்கு எத்தனை தடவை எழுதினேன்! “தங்கள் கருத்துக்கு நன்றி”ன்னு பதில் வருது. அங்கயும் ஒரு மெஷினாம்ல, கிளைங்களை மேய்க்க!

லார்ட்டி: ம்... இருக்கு.

செர்வா: மெஷினை வெக்கறதுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? சொல்லுங்க!

லார்ட்டி: கேட்டிருக்கணும்.

செர்வா: வீட்டுக்காரர் டாக்சியை வித்துப் போட்ட கடை இது. பலகை போச்சுன்னா நாங்க நடுத்தெருதான். இதை மேல எழுதப் போறீங்களா தம்பி?

லார்ட்டி: இல்ல. வரேன்னு எவனாவது சொன்னா ஆளுகிட்ட குடுக்கணும், எல்லாக் கிளையிலயும்... அதை மட்டும் எழுதறேன். துஃபி கதை வேணாம்.

செர்வா: நெசமாவா? கும்பிடறேன் சாமி! பாவம் பாத்தீங்களே...

லார்ட்டி: பாவமும்தான்...

செர்வா: என்ன இழுக்கறீங்க?

லார்ட்டி: துஃபியைப் பத்தி எழுதினா, “இத்தனை நாளா நம்ம கண்காணிப்பு மெஷின் ஏன் இதைப் பிடிக்கல?”ன்னு மேல கேப்பாங்க.

செர்வா: கேக்கட்டுமே! அது அந்த மெஷின் பாடு. உங்களுக்கு எங்க நோவுது?

லார்ட்டி: அதை ஓட விட்ட முதல் வாரமே, சனிக்கிழமை துக்கத்துக்குப் போன அத்தனை பேரையும் வேலையை விட்டுத் தூக்குன்னுச்சு, அக்கா. யாருக்கும் சொல்லாம அணைச்சு வெச்சுட்டேன். அன்னையில இருந்து அந்த மெஷின்... நான்தான்.