கரி கலந்த குப்பி

பழ ஈக்கள் பழத்துக்காக வருவதில்லை. பழம் அழுகும்போது அதில் ஊறும் ஈஸ்டுக்காகத்தான் வருகின்றன. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவர்களெல்லாம் ஆய்வை முடித்து, பட்டம் வாங்கி, கண்காணாத ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னும் முடிக்கவில்லை. ஆய்வகத்தில் எனக்குச் சித்தப்பா என்று பெயர்.

ஒருவர் கிளம்பும்போது கேக் வெட்டுவோம், நான் நாலு வார்த்தை பேசுவேன். மறுநாள் முதல் அவர் விட்டுப்போன ஈக்குப்பிகளுக்கும் நானே தீனி மாற்றுவேன். வாயும் ஓய்ந்துவிட்டது, கையும் ஓய்ந்துவிட்டது.

பக்கத்து மேசைப் பெண்ணை வாயாடி என்போம். ஒவ்வொரு தலைமுறையிலும் வயிறு நன்றாகக் கறுத்த ஈக்களை மட்டும் பொறுக்கி இணையவிடுவாள். வருஷக்கணக்காக இதே வேலை. நிறம் தரும் மரபணு மாறவில்லை, அதை எங்கே, எப்போது இயக்குவது என்று தீர்மானிக்கும் பக்கத்துத் துண்டுதான் மாறியிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதுதான் அவள் பட்டம்.

“பல்பு அதேதான் சித்தப்பா, சுவிட்சுதான் மாறியிருக்கு. உங்க ஆய்வுல கரண்டே வரல, அது வேற விஷயம்.”

டீ வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் இப்படிப் பேசுவாள்.

ஒருநாள் சொன்னாள்: “அடுத்த வருஷம் நான் கிளம்பிடுவேன். இப்பவே பேச்சு எழுதி வச்சுக்குங்க. போன தடவை சொன்ன ஜோக்கையே சொன்னா உங்களுக்குக் கேக் கிடையாது.”

எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை.

எங்களிடம் கரி என்று ஓர் ஈ வகை உண்டு. அதில் அந்த நிற மரபணுவே உடைந்திருக்கும், உடம்பு கறுத்துவிடும். அதிலிருந்து சில ஆண் ஈக்களை அவள் குப்பிக்குள் தட்டிவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். மிகக் கறுப்பானதைப் பொறுக்குவது அவள் வழக்கம் அல்லவா? மீதியை அவளே தன் கையால் செய்தாள்.

கரிக்கட்டை போல ஈக்கள் வரத் தொடங்கியதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. “இதுல கரி கலந்திருக்குமோ சித்தப்பா?”

நுண்ணோக்கியில் நிதானமாகப் பார்த்தேன். “இல்லம்மா. எல்லாம் உன் உழைப்பு.”

மரபணு சோதனை முடிவு வந்தது. சுவிட்சு மாறவில்லை, பல்பு உடைந்திருந்தது. கரியில் உள்ள அதே உடைசல். அவள் அழவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒருவருடைய ஈக்களுக்கு ஜோடிக் குப்பி ஒன்றை இன்னொருவர் வேறு அறையில் வளர்ப்பார். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும். அவளுடைய ஜோடி என் பொறுப்பில் இருந்தது.

“உங்ககிட்ட இருக்கிறது நல்லாத்தானே இருக்கும் சித்தப்பா?”

அதிலும் அன்றைக்கே கரியைப் போட்டிருந்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

இப்போது அவள் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். வாயாடி என்பது பெயரளவில்தான். டீயை நான்தான் வாங்குகிறேன், பாதி குடித்துவிட்டு வைத்துவிடுகிறாள். புது ஈக்களின் வயிறு மெல்லக் கறுத்து வருகிறது. ஜோடிக் குப்பியை மறுபடியும் என்னிடமே கொடுத்திருக்கிறாள். வேறு யாரையும் நம்ப மாட்டாளாம்.

நான் யாரையும் இங்கே பிடித்து வைத்ததில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது, போகிறவர்கள் போகலாம். கரிக் குப்பிக்கு மட்டும் இன்று காலை புதுத் தீனி மாற்றி வைத்தேன்.