வாளிக்கு ஒரு மூடி

வெள்ளைக்கேன்: "தரை கழுவுற நுரையெல்லாம் கடைசியில எங்கப்பா போகும்?"னு என் பொண்ணு ஒரு நாள் கேட்டா அண்ணே. அன்னிக்கு விட்டேன், லோஷன்ல ஆசிட் கலக்குறதை.

ரோஸ்கேன்: என் பொண்ணும்தான் கேட்டா. போய்ப் பாடத்தைப் படின்னேன்.

வெள்ளைக்கேன்: ஒரு கடைக்காரனும் வாங்கல. நுரையில்ல, வாசனையில்ல, பச்சைத்தண்ணியான்னு சிரிச்சாங்க. ஆத்தைக் கெடுக்காத லோஷனைத்தான் அரசாங்க ஆபீஸ்ல வாங்கணும்னு ரூல் வந்துச்சு பாருங்க... அப்பத்தான் உயிர் வந்துச்சு.

ரோஸ்கேன்: எனக்குப் போச்சு. இதோ, என் காலிக்கேனைப் பொறுக்க வந்திருக்கேன். ஆர்டர் கெடச்சவன் நீ எதுக்கு இந்த ஆபீஸ் படிக்கட்டுல உக்காந்து முழிக்கிறே?

வெள்ளைக்கேன்: அதான் புரியல. என் லோஷனை இங்க ஊத்திப் பார்த்த முதல் சோதனையில தரையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டி, மேனேஜர் செருப்பு ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்...

ரோஸ்கேன்: ஹா! நல்லா வேணும்.

வெள்ளைக்கேன்: சிரிக்காதீங்க. ரெண்டாவதும் போயிருந்தா பட்டறையையே மூடியிருப்பேன். ஆனா தரை கண்ணாடியாட்டம் இருந்துச்சாம்! அதே கேன். நான் ஒண்ணுமே மாத்தல.

ரோஸ்கேன்: சாமி கண்ணத் தொறந்திருக்கும். விடு.

வெள்ளைக்கேன்: எப்படி விடுறது? பாவப்பட்டு யாராவது உங்க ரோஸைக் கலந்திருந்தா? மேல போயி, ஆர்டர் வேண்டாம்னு...

ரோஸ்கேன்: அட கிறுக்கா, உக்காரு! இங்க தொடைக்கிறவங்க என் சரக்குல பழகினவங்க. நுரை வர்ற வரைக்கும் ஊத்துவாங்க. உன்னுதுல நுரை ஏது? பாதிக்கேன் போயிருக்கும், ஒட்டாம என்ன செய்யும்?

வெள்ளைக்கேன்: அப்ப ரெண்டாவது தடவை...?

ரோஸ்கேன்: அவங்க வர்றதுக்குள்ள வாளிக்கு ஒரு மூடி அளவுன்னு யாரோ கலந்து வச்சிருப்பாங்க. உன் லோஷன் மட்டும்தான். இனிமே நீ நின்னு சொல்லிக்கொடு.

வெள்ளைக்கேன்: யாரு?... வாளிக்கு ஒரு மூடின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரோஸ்கேன்: கேன்ல போட்டிருக்கே.

வெள்ளைக்கேன்: அதை எவன் படிக்கிறான்... அண்ணே, நீங்களா? உங்க ஆர்டரை நீங்களே...?

ரோஸ்கேன்: என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் பட்டறைப் பக்கமே போகல. ஆனா என் கேனெல்லாம் வாராவாரம் இங்க வந்து எறங்கியிருக்கு. ஆர்டர் கைவிட்டுப் போகல. யாருப்பா அது?

வெள்ளைக்கேன்: யாருக்குத் தெரியும்... எவனாவது டிரைவரா இருக்கும்.

ரோஸ்கேன்: ஆசிட்டை விட்டவன், உன் வண்டியில அப்ப ரோஸ் கறை எப்படிடா வந்துச்சு? நானும் கேக்கல, நீயும் கேக்காத. எந்திரி, இந்தக் கேனைத் தூக்க ஒரு கை குடு.